ரூம் மாற்றிக் கேட்டவன்

ஆகஸ்ட் 4, திங்கள்

முழங்கால்: கொஞ்சம் வீக்கம், வலி இல்லை. தூக்கம்: ஏழு மணி நேரம்.

பிசியோ எழுதச் சொன்னது இவ்வளவுதான். "தினமும் எழுதுங்க. பொய் மட்டும் எழுதாதீங்க, பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும்" என்று மிரட்டித்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நான். இன்றைக்கு என்னவோ பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வயதாகிறது போல. முப்பத்திரண்டு. ஃபுட்பாலில் ரைட் பேக் ஆடுகிறவனுக்கு அது கிழட்டு வயது.

புது சீசன் பயிற்சி தொடங்கியது. கோச் எங்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுவிட்டு அவர் நிழலில் நின்றுகொண்டார். கம்பம் எனக்குப் பக்கத்திலேயே ஓடினான். நினைத்தால் முன்னால் போயிருப்பான். ஆறு வருடமாக டிஃபென்ஸில் என் பக்கத்து இடம் அவனுடையது, ஆறடி நான்கு அங்குலம், பேருக்கு விளக்கம் தேவையில்லை. என் மகளுக்கு அவன் நிஜப் பேரே தெரியாது. கம்பம் சித்தப்பா, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முழங்கால் சரி. தூக்கம் எட்டு.

நாளைக்கு முதல் வெளியூர் ஆட்டம். டிரெஸ்ஸிங் ரூம் கதவில் ரூம் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. பஸ், ஓட்டல், சாப்பாடு எல்லாம் பார்க்கிற நிர்வாகி ஒருவர் இருக்கிறார், அவர் வேலை அது. அறைக்கு இரண்டு பேர். கேப்டனுக்கும் கோச்சுக்கும் மட்டும் தனி அறை. யாருக்கு யார் என்று ஒருமுறை அமைந்துவிட்டால் எங்கள் ஆட்கள் அதைக் கலைக்கமாட்டார்கள், ராசி போய்விடுமாம். ஜெயித்த அன்று போட்ட சாக்ஸைத் துவைக்காமல் வைத்திருக்கிற கூட்டத்திடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

எனக்கும் கம்பத்துக்கும் இது ஏழாவது சீசன், ஒரே அறை. ஸ்பீக்கர் பட்டியலைச் சத்தமாகப் படித்தான். எங்கள் ஸ்ட்ரைக்கர், வாய் மூடாததால் அந்தப் பேர். "நம்ம தம்பதிக்கு இந்த வருஷமும் ஒரே வீடு. வாழ்த்துகள்!" நான் விடுவேனா? "எங்க வீட்டுக்காரர் இந்தத் தடவையும் குறட்டை விட்டார்னா நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்றேன். அறையே சிரித்தது. கம்பமும் சிரித்தான். ஆறு வருடமாக இதே ஜோக்தான், யாருக்கும் அலுக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

மூன்றுக்கு ஒன்று ஜெயித்தோம். அதை எழுத நோட்டைத் திறக்கவில்லை.

ஆட்ட நாளில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை எல்லோரும் அறையில் படுத்திருக்க வேண்டும். நானும் கம்பமும் திரையை இழுத்துவிட்டு ஆளுக்கொரு கட்டிலில் கிடந்தோம்.

"டேய், தூங்கிட்டியா?" என்றான் கம்பம்.

"தூங்கிட்டேன். சொல்லு."

"அண்ணி அவங்க ஆபீஸ் ஃபிரெண்டை எனக்கு அறிமுகம் பண்ணப் போறாங்களாமே. வேணாம்னு சொல்லிடுடா."

"ஏன்டா, நல்ல பொண்ணு. உன் கண்ணுல விழறதுக்கு அவ ஸ்டூல் மேல ஏறணும், அவ்வளவுதான்."

அவன் சிரிக்கவில்லை. "எனக்குப் பொண்ணுங்க மேல அது வராதுடா. என்னைக்குமே வந்ததில்ல. நாலு வருஷமா ஒருத்தர் இருக்கார். உனக்குத் தெரிஞ்சவர்தான்."

பல் டாக்டர். போன வருடம் ஒரு முழங்கை பட்டு என் கடைவாய்ப் பல் உடைந்தபோது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று இவன்தான் கூட்டிப் போனான். நல்ல மனிதர். வலிக்காமல் பிடுங்கினார்.

"சரிடா" என்றேன். எழுந்து பாத்ரூமுக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு மூடி வைத்த கம்மோடின் மேல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடமா, இருபதா? வெளியே வந்தபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் அப்போதே ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் படுத்துக்கொண்டேன்.

மாலை அவன் பிரமாதமாக ஆடினான். நான்தான் இரண்டு முறை பந்தை எதிராளி காலில் வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரும்பி வரும்போது பஸ்ஸில் கம்பம் சொன்னான். "வேற யாருக்கும் தெரியாதுடா. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்?"

சொல்லவும் மாட்டேன். என் பிள்ளை மேல் ஆணை.

செப்டம்பர் 27, சனி

ஓட்டல் அறையில் உடை மாற்றப் பாத்ரூமுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதை வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாக எடுக்கிறது. இன்றைக்கு நான் வெளியே வந்தபோது கம்பம் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

"ஆறு வருஷமா என் முன்னாடி ஜட்டியோட டான்ஸ் ஆடினவன்டா நீ."

"முதுகு கொஞ்சம் குளிருது" என்றேன்.

முதுகு குளிருதாம்! எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

நிர்வாகியிடம் ரூம் மாற்றிக் கேட்டேன். "குறட்டை தாங்கலை சார், ஆட்டத்துக்கு முன்னாடி தூக்கம் போகுது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏழு வருஷமா தாங்கினீங்களே?" "வயசாகுது சார்." எழுதிக்கொண்டார்.

இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கொஞ்ச நாள்தான், நான் பழகிக்கொள்ளும் வரைக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

பட்டியல் கதவில். எனக்கு ரப்பர், அதாவது இடது விங்கர், இருபத்திரண்டு வயது, யார் தள்ளினாலும் துள்ளி எழுந்து நிற்பான். கம்பத்துக்கு இரண்டாவது கோல்கீப்பர். ஸ்பீக்கர் படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான். "என்னப்பா இது? டைவர்ஸா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த வரி என்னுடையது, வழக்கமாக நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரே ஒரு வார்த்தை போதும், ஜீவனாம்சம் கேட்டிருக்கேன் என்று சொல்லியிருந்தால் போதும், சிரித்துவிட்டு ஷூ கட்டப் போயிருப்பார்கள். நானோ "விடுடா, எல்லாத்துக்கும் ஒரு ஜோக்கு!" என்று கத்திவிட்டேன்.

ஸ்பீக்கர் என் முகத்தைப் பார்த்தான், பிறகு கம்பத்தின் முகத்தை. கம்பம் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கட்டின லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"அடேங்கப்பா. நெஜமாவே ஏதோ இருக்கு போல" என்றான் ஸ்பீக்கர், மெதுவாக. அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் ஆகிவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

கோல்கீப்பரும் மாற்றிக் கேட்டிருக்கிறான். கம்பத்துக்குத் தனி அறை. பட்டியலில் அவன் பேருக்கு எதிரே ஒன்றும் இல்லை. கேப்டனுமில்லை, கோச்சுமில்லை, எதற்குத் தனி அறை என்று கேட்க இன்றைக்கு ஆளில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

முழங்கால் வீக்கம். தூக்கம் நாலு மணி நேரம். பிசியோ காரணம் கேட்டார், மெத்தை சரியில்லை என்றேன். பொய் எழுதக்கூடாது என்றவரிடம் பொய் சொல்லியாயிற்று.

கம்பம் குளிக்கப் போனால் உள்ளே இருக்கிறவர்கள் சோப்பு நுரையோடு வெளியே வருகிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒருவருக்குத் திடீரென்று போன் வருகிறது, ஒருவருக்கு ஐஸ் வைக்க வேண்டியிருக்கிறது. அவன் இப்போது எல்லோரும் போன பிறகு கடைசியில் குளிக்கிறான்.

தனித்தனியாகக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள். கேப்டன் சொன்னான்: "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, சின்னப் பசங்கதான் சங்கடப்படுறாங்க." ரப்பர் சொன்னான்: "எனக்கென்னண்ணே, சீனியருங்கதான்." கோல்கீப்பர்: "எனக்கு ஓகே, என் பொண்டாட்டிதான்." நிர்வாகிக்கு ஸ்பான்ஸர்கள், ஸ்பான்ஸருக்கு ரசிகர்கள். அப்படியானால் அந்த 'மத்தவங்க' யார்? நான் யாரைச் சொல்லப் போகிறேன்?

நவம்பர் 20, வியாழன்

கோச் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ அவன்கூட ஏழு வருஷம் இருந்தவன். வெளிய பேசிக்கறது உண்மையா?"

"என்ன கோச்?"

"தெரியாத மாதிரி நடிக்காத. எனக்குப் பிரச்சனையே இல்ல. எனக்கு டீம் நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான். இல்லைன்னு நீ சொன்னா நான் எல்லார் வாயையும் அடைச்சுடுவேன்."

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் துரோகம். மூன்றாவதாக ஒன்று இருந்தது. 'ஆமாம்னா என்ன இப்போ? லீக்லயே நல்ல டிஃபெண்டர் அவன்' என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு வீட்டுக்கு வந்து கார் கதவைச் சாத்தும்போதுதான் தோன்றியது. அங்கே நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோச் தலையாட்டிவிட்டு, "சரி, போ" என்றார்.

டிசம்பர் 6, சனி

சொந்த மைதானம். நம் ரசிகர்கள் உட்காரும் பக்கம். பாட்டு அங்கிருந்துதான் வந்தது. ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் கம்பத்தின் பேரை வைத்து, அந்த வார்த்தையை வைத்து. முதலில் பத்துப் பேர், பிறகு ஒரு பகுதி முழுவதும். எதிரணி ரசிகர்களுக்கே ஒரு நிமிடம் புரியவில்லை, புரிந்ததும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பதாயிரம் பேர் ஒரே மெட்டில் பாடியது இந்த சீசனில் இதுதான் முதல் முறை.

அவன் தலை நிமிர்ந்தபடி ஆடினான். கார்னர் வந்தபோது கோல் போஸ்ட் ஓரம் என் பக்கத்தில் நின்றான். "உன் ஆளைப் பிடி, உன் ஆளைப் பிடி" என்று எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்திலும்.

ரெஃப்ரீ ஆட்டத்தை நிறுத்தவில்லை. நானும் போய் நிறுத்தச் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

மகள் நேற்று அம்மாவோடு ஸ்டேடியத்துக்கு வந்திருந்தாள். காலையில் பால் குடித்துக்கொண்டே கேட்டாள், சித்தப்பாவைப் பற்றிப் பாடினார்களே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று. என் மனைவி அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாம் எங்க ஆரம்பிச்சுதுன்னு கோல்கீப்பர் சம்சாரம் சொன்னா. நீங்கதான் முதல்ல ரூம் மாத்திக் கேட்டீங்களாமே?"

"குறட்டை..."

"குறட்டைன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. பத்து வருஷமா உங்க குறட்டையைக் கேட்டுக்கிட்டு நான் இங்கதான் படுத்திருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "இவ பொறந்தப்ப நீங்க வெளியூர்ல மேட்ச் ஆடிட்டு இருந்தீங்க. அடிபட்டு ஒரு கால்ல கட்டோட ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னது யாரு? அவன் உங்களை என்ன பண்ணிடுவான்னு பயந்தீங்க?"

அவனுக்கு நான் பயப்படவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன். விஷயம் ஒருநாள் வெளியே வந்தால், ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தவன் யார் என்று கேட்பார்கள். என்னையும் அந்தக் கண்ணால் பார்ப்பார்கள். அதற்குத்தான் பயந்தேன். நான் தப்பிக்க அவனைத் தள்ளிவிட்டேன். இதுதான் உண்மை, பிசியோ படித்தாலும் பரவாயில்லை.

ஜனவரி 14, புதன்

நான்கு ஆட்டமாகக் கம்பம் பெஞ்சில். 'ஃபார்ம் இல்லை' என்கிறார் கோச். நாங்கள் நான்கிலும் தோற்றோம்.

ஜனவரி 30, வெள்ளி

கம்பத்தை இரண்டு டிவிஷன் கீழே இருக்கிற ஒரு கிளப்புக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற எவரும் கேட்கவில்லையாம். காலையில் அவன் லாக்கரைக் காலி செய்ய வருவான் என்று தெரியும். நான் ஸ்கேன் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டேன். ஸ்கேன் பத்து மணிக்கே முடிந்துவிட்டது.

கிளப் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மழை. கம்பம் இரண்டு அட்டைப்பெட்டியோடு வந்தான். பல் டாக்டர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவரோ குள்ளம், கையை முழுக்கத் தூக்கியும் குடை இவன் தலைக்கு எட்டவில்லை. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். பெட்டிகளை வைத்தார்கள். கம்பம் ஒருமுறை திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தான். என் காரையும் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். வைப்பரை நிறுத்தியிருந்தேன், கண்ணாடியில் தண்ணீர், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கதவு கைப்பிடியில் கை வைத்தேன். இறங்கவில்லை. எழுதும்போது அழுகையாக வருகிறது, அப்போது ஏன் கால் வரவில்லை?

பிப்ரவரி 18, புதன்

லீக் முழுவதும் 'அனைவருக்கும் ஆட்டம்' வாரமாம். டிசம்பர் பாட்டுக்காகக் கிளப்புக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள், அதனால் பெரிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். மீடியாவைப் பார்க்கிற பெண் என்னிடம் வந்தாள். "போஸ்டருக்கு ஒரு முகம் வேணும் சார். நீங்கதான் அவருக்கு ரொம்ப நெருக்கமான ஃபிரெண்டு. உங்களைவிடப் பொருத்தமான ஆளே கிடையாது."

முடியாது என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அதனால் சரி என்றேன். நெஞ்சில் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். முகத்தில் இன்னும் கொஞ்சம் கருணை வேண்டும் என்றான் போட்டோகிராபர்.

மார்ச் 3, செவ்வாய்

ஸ்டேடியம் வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு நான். கீழே: 'நீ யாராக இருந்தாலும் நம்ம ஆள்.'

மனைவி காரில் அதைக் கடந்தபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் கைதட்டினாள்.

மாலை கம்பத்திடமிருந்து மெசேஜ். நான்கு மாதத்தில் முதல் முறை. "படம் நல்லா வந்திருக்குடா." அவ்வளவுதான். குத்திக்காட்டுகிறானா என்று பத்து தடவை படித்துப் பார்த்தேன். அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. நல்லா வந்திருக்கு என்றால் நல்லா வந்திருக்கு என்றுதான் அர்த்தம். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

மார்ச் 12, வியாழன்

பல் வலி என்று பொய் சொல்லி டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அவனைப் பார்க்க எனக்கு முகமில்லை, இவரிடமாவது சொல்லலாம் என்று.

அவர் என்னைப் பேசவிடவில்லை. நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்துவிட்டார். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே பேசினார், ஏதோ பல்லைப் பற்றிப் பேசுகிற குரலில்.

"எந்தப் பல்லும் கெடலை. எனக்குத் தெரியும், நீங்க அதுக்கு வரல. அந்த கிளப்லயும் பாட்டு பாடினாங்க. போன வாரத்தோட அவன் ஆட்டத்தை விட்டுட்டான். இருபத்தொன்பது வயசு. இன்னும் அஞ்சாறு வருஷம் ஆடியிருப்பான்."

நான் ஏதோ சொல்ல வாயசைத்தேன். "பேசாதீங்க, பஞ்சு நகரும்" என்றார்.

"அவன் ஒரு நாள்கூட உங்களைக் குறை சொல்லலை. 'அவனுக்குப் பழக டைம் வேணும், நான் அவசரப்பட்டு சொல்லிட்டேன்'னு இப்பவும் தன் மேலதான் போட்டுக்கறான். எனக்கு அதுதான் ஆத்திரம். நான் உங்களை நல்லா நாலு வார்த்தை திட்டணும்னு இருந்தேன். இப்படி வாயைத் திறந்து வச்சுக்கிட்டு அழறவரை எப்படித் திட்டறது?"

இந்த மாதக் கடைசியில் கிளினிக்கை மூடுகிறார். வேறு ஊருக்குப் போகிறார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. பஞ்சை எடுத்ததும் "மன்னிச்சுடுங்க" என்றேன். "எங்கிட்ட எதுக்கு?" என்று சொல்லி கை கழுவப் போய்விட்டார்.

வாசலில் நின்று கம்பத்துக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

வெளியூர். மதியப் படுக்கை. ரப்பர் அடுத்த கட்டிலில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அதை நெஞ்சில் கவிழ்த்து வைத்தான்.

"அண்ணே, போஸ்டர்ல போட்டிருக்கே. யாரா இருந்தாலும் நம்ம ஆள்னு. அது நெஜமா?"

"ஏன்டா?"

"சும்மாதான். கம்பம் அண்ணன் உங்ககிட்ட சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

விட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டான். ஆனால் மூச்சுவிடாமல் காத்திருந்தான். கம்பமும் அன்று அப்படித்தான் காத்திருந்திருப்பான், நான்தான் பார்க்கவில்லை. அவன் யாருக்காகக் கேட்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அவனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "சரின்னு சொல்லிட்டு பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டேன்டா. அப்புறம் ரூம் மாத்திக் கேட்டேன். எல்லாம் என்னாலதான். பெரிய தப்பு பண்ணிட்டேன்."

அவன் செல்போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

"விடுங்கண்ணே" என்றான். "உங்க இடத்துல யாரா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பாங்க."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஏதோ ஒன்று முடிந்துபோனது. நான் எழுந்து உட்கார்ந்தேன். "டேய், உனக்கு எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லு. இந்தத் தடவை எங்கேயும் எழுந்து போகமாட்டேன். சத்தியமா."

"எனக்கென்னண்ணே இருக்கு?" என்று சிரித்தான். "தூக்கம் வருது." போர்வையை இழுத்துக்கொண்டான்.

தூங்கவில்லை. எனக்குத் தெரியும். அலாரம் அடிக்கும் வரை உட்கார்ந்தே இருந்தேன், அவன் திரும்புவான் என்று.

மே 2, சனி

ரப்பருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். கிளம்பும்போது பஸ்ஸில் எழுந்து நின்று சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள், ஸ்பீக்கர் அவனைத் தூக்கிச் சுற்றினான், கேப்டன் பாட்டுப் போடச் சொன்னான். என் இருக்கையைக் கடக்கும்போது நான் எழுந்து கை கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் "தேங்க்ஸ்ணே" என்றான். கை ஜில்லென்று இருந்தது.